கையைப் பார்ப்போமா, பெயரைப் பார்ப்போமா?



ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைந்து சென்ற பின்பும் ஒரு தாய் ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். "மகனுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டேன். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லையாம். மகன் பொறியியலாளர். இங்கே பட்டம் பெற்று, கொழும்பில் ஏழு ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மனைவி பிள்ளையுடன் கனடாவில் குடியேறினார். இப்பொழுது ரொறன்ரோ நகரில் ஒரு களஞ்சியத்தில் இரவு நேரத்தில் பெட்டி அடுக்குகிறார். இதை மகன் தாயிடம் சொல்லவில்லை. மருமகள்தான் ஒரு நாள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாராம். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பாதர், கடலைத் தாண்டினா படிச்ச படிப்பெல்லாம் கரைஞ்சு போகுமா?"

என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. பூசைக்கு நாள் குறித்துக் கொடுத்து, ஆசீர்வதித்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு குருமனைக்கு வந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் அதையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெரியநீலாவணையிலிருந்து திருக்கோவில்வரை நீளும் நமது கரையோரத்தில், பன்பாயில் ஓடும் இரு நிறக் கீற்றுக்களைப் போலத் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறிக் கிடக்கின்றன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எந்த ஊரின் எந்தத் தெருவில் நடந்தாலும், வெளியில் உழைக்கும் பிள்ளையை நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மார் உண்டு. கட்டாரில் இப்பொழுது எத்தனை மணி, லண்டனில் எத்தனை மணி, ரொறன்ரோவில் விடிந்துவிட்டதா என்று கணக்குப் பார்ப்பது நம் வீடுகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டில் சட்டப்படி அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அதன் வழியாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டை விட்டுச் சென்றார்கள். அவர்களுக்குள் தேர்ச்சி பெற்றவர்கள், பட்டதாரிகள், தாதியர், கணக்காளர், தொழில்நுட்பவியலாளர் பலர் இருந்தனர். அந்தத் தாயின் கேள்வி அவர் ஒருவரின் கேள்வியன்று.

வட்டத்துக்குள் சிக்கிய மனிதர்

முதலில் உண்மை நிலையைப் பார்ப்போம். கனடா 1967ஆம் ஆண்டு முதல் குடியேற வருவோரைப் புள்ளி முறையில் தெரிந்தெடுத்து வருகின்றது. வயது, கல்வி, மொழியறிவு, தொழில் அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. அதாவது, "நீ படித்தவன், ஆகவே வா" என்று அந்நாடு அழைக்கிறது. ஆனால் குடியேற்ற அனுமதியை வழங்குவது பெரும்பாலும் மத்திய அரசாங்கம். வைத்தியர், பொறியியலாளர் போன்றோருக்குத் தொழில் அனுமதி வழங்குவதோ மாகாணங்களின் கீழ் இயங்கும் தொழிற்சபைகள். படிப்புக்காகக் கூப்பிட்டது ஒரு கை. அதே படிப்பை எடைபோட்டு, "இது இங்கே செல்லாது" என்று ஒதுக்கி வைப்பது மற்றொரு கை.

தொழில் அனுமதி வேண்டாத வேலைகளிலும் வேறொரு தடை நின்றது. "கனடிய அனுபவம் உண்டா?" என்பது அந்தக் கேள்வி. அனுபவம் இல்லாவிட்டால் வேலை இல்லை; வேலை இல்லாவிட்டால் அனுபவம் இல்லை. இந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிக் களைத்தவர்களே வாடகைக் கார் ஓட்டுகிறார்கள், களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் லண்டனுக்குச் சென்ற எத்தனை பட்டதாரிகள் பெற்றோல் நிலையங்களில் இரவைக் கழித்தார்கள் என்பதை நம் குடும்பங்களே அறியும். எந்த நேர்மையான வேலையும் இழிவன்று. நாசரேத்தில் தச்சுத் தொழில் செய்த சூசையப்பரை வணங்கும் நாம் அப்படிச் சொல்லவே கூடாது. வைத்தியம் கற்றவரை வைத்தியம் செய்ய விடாமல் தடுப்பதில்தான் துயரம் இருக்கிறது.

ரொறன்ரோ நகரில் பிலிப் ஓரியோபொலொஸ் என்னும் பொருளியலாளர் ஒரு சோதனை செய்து பார்த்தார். அதன் முடிவுகள் 2009இல் வெளியாயின. ஆயிரக்கணக்கான வேலை விண்ணப்பங்களைத் தாமே தயாரித்து, விளம்பரங்களுக்கு அனுப்பினார். ஆங்கிலப் பெயரும் கனடாப் படிப்பும் கனடா அனுபவமும் கொண்ட விண்ணப்பங்களில் நூற்றுக்கு 16க்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. அதே படிப்பு, அதே அனுபவம், ஆனால் பெயர் மாத்திரம் சீன, இந்திய, பாக்கிஸ்தானியப் பெயர் என்றால் நூற்றுக்கு 11. பெயரும் அந்நியம், படிப்பும் அனுபவமும் பிறநாட்டவை என்றால் நூற்றுக்கு 5. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரித்தானியாவிலிருந்து குடியேறியவர்களின் விண்ணப்பங்களுக்கும் கனடியர்களுடையவற்றுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. "கனடாவின் அனுபவம் இல்லையே" என்பதுதான் மெய்யான காரணம் என்றால், அது லண்டனிலிருந்து வந்தவரையும் அல்லவா தடுத்திருக்க வேண்டும்? தடுக்கவில்லை. அப்படியானால் அனுபவம் என்ற மரியாதையான சொல்லுக்குப் பின்னால் வேறொன்றும் ஒளிந்திருந்தது என்று நினைப்பதில் தவறில்லை.

அந்நாட்டவர்களே இதை உணர்ந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணைக்குழு, கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதற்பார்வையிலேயே பாரபட்சம் என்று 2013இல் அறிவித்தது. அம்மாகாணப் பொறியியலாளர் சபை 2023இல் அந்த நிபந்தனையை நீக்கியது. வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதை 2026 ஜனவரி முதல் தடைசெய்யும் சட்டமும் அங்கே இயற்றப்பட்டது. சட்டம் கதவைத் திறக்கலாம். கதவுக்கு உள்ளே இருப்பவரின் மனம் திறக்கப் பின்னும் காலம் செல்லும்.

கனடாவை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. நம் நாட்டின் பெருநகரத்தையே பாருங்கள். அம்பாறை ஹாடி நிறுவனத்திலோ, 1995இல் தொடங்கப்பட்ட ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்த பிள்ளை கொழும்புக்குச் சென்றால், முதலில் மொழி, பிறகு தங்குமிடம், பிறகு அடையாள அட்டையிலுள்ள முகவரி. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தினால் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் ஒரே நாளில் தம் வேலைக்குத் தகுதியற்றவர்களாக்கப்பட்டதைப் போல் உணர்ந்தார்கள். முதல் நாள் திறமைசாலியாக இருந்தவர் மறுநாள் எப்படித் திறமையற்றவரானார்? 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அவர்களுள் வேலை தேடி வந்தவர்களும் இருந்தார்கள்.

வளைகுடா நாடுகளிலோ 'கபீல்' என்னும் அனுசரணையாளரின் அனுமதியின்றி ஒருவர் வேறு வேலைக்கு மாற முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. கட்டார் 2020இல் அந்த நிபந்தனையைச் சட்டத்தில் நீக்கியது. கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், அந்தக் கைக்கு உடையவர் வேறொருவர் என்றிருந்த நிலை அது.

நியாயமான கேள்வி எது?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். படிப்பு கரைந்து போவதில்லை. பாலம் கட்டத் தெரிந்தவனுக்கு விமானத்தில் ஏறி இறங்கியதும் அது மறந்து போவதில்லை. அப்படியானால் வழியில் தொலைந்தது எது? பிறர் அவன்மீது வைத்திருந்த நம்பிக்கைதான். திறமை ஒருவனுடைய கையில் இருக்கிறது. நம்பிக்கையோ அயலாரின் மனத்தில் இருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவன் கையைக் கொண்டுபோகலாம். அயலாரின் மனத்தைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் புதிதாக வந்தவன் தன்னை மீண்டும் எண்பிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி எண்பிக்கச் சொல்வது அநீதியா? எப்பொழுதும் அன்று. நமது பிள்ளையின் வயிற்றைக் கீறப்போகும் வைத்தியர் உண்மையில் வைத்தியர்தானா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பனி விழும் நாட்டில் வீடு கட்டுகிறவர், கூரை பனியின் பாரத்தைத் தாங்குமா என்று கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சை வைப்பது பகையன்று. ஆளை ஆராய்ந்து வேலையில் அமர்த்துவதற்கு வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராயாமல் அமர்த்துவது கருணையல்ல. அது பொதுசனத்துக்குச் செய்யும் தீங்கு.

ஆகவே நியாயமான கேள்வியையும் அநியாயமான கேள்வியையும் பிரித்தறிய நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் இரண்டு விதிகளைச் சொல்கிறேன். நீங்கள் சீர்தூக்கிப் பாருங்கள்.

முதலாவது: இந்தக் கேள்விக்குரிய விடை மாறினால், செய்யப்படும் வேலையின் தரம் மாறுமா? மாறும் என்றால் அது நியாயமான கேள்வி. "பனிப் பாரத்தைக் கணக்கிடத் தெரியுமா?" என்ற கேள்வியின் விடையால் கூரை மாறும். "உன் பெயர் என்ன, நீ எந்தச் சாதி, எந்தச் சமயம்?" என்ற கேள்வியின் விடையால் கூரை மாறாது. முன்னது கையைப் பார்க்கிறது. பின்னது பிறப்பைப் பார்க்கிறது.

இரண்டாவது: கேட்கப்பட்டவன் விடை சொல்ல ஒரு வழி திறந்திருக்கிறதா? பரீட்சை எழுதலாம், பயிற்சி பெறலாம், வேலையைச் செய்துகாட்டலாம் என்று வழி இருந்தால் அது கேள்வி. எந்த வழியும் இல்லாதபடி கேட்கப்படுவது, கேள்வியின் உடுப்பை அணிந்துகொண்ட பூட்டிய கதவு. பிறநாட்டு வைத்தியருக்குப் பரீட்சை வைப்பது சரி. ஆனால் பரீட்சையில் தேறிய பின்பும் பயிற்சிக்கு இடம் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது, முதல் விதியின்படி நியாயமானதை இரண்டாம் விதியின்படி அநீதியாக்குகிறது.

திருச்சபை என்ன சொல்கிறது?

"அந்நியனுக்கு வேலை கொடுக்க ஒரு நாட்டுக்கு என்ன கடமை இருக்கிறது? அவன் பட்டினி கிடக்கவில்லையே!" என்று சிலர் கேட்கலாம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அவரே இளமையில் கற்சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். உழைப்பு வெறும் கூலிக்கான வழியல்ல. உழைப்பினால் மனிதன் மேலும் மனிதனாகின்றான் என்பது அச்சுற்றுமடலின் உட்கருத்து. குடிபெயர்ந்து வந்து உழைப்பவன், வேலைக்குரிய உரிமைகளில் அந்நாட்டுத் தொழிலாளரிலும் தாழ்த்தப்படக் கூடாது என்றும் அவர் அதில் வலியுறுத்தினார். அப்படியானால் கற்ற தொழிலைச் செய்ய விடாமல் ஒருவனைத் தடுப்பது, அவனுடைய வருமானத்தைக் குறைப்பதோடு நின்றுவிடவில்லை. கடவுள் அவனுக்குக் கொடுத்த தாலந்தை, அவன் விருப்பத்துக்கு மாறாக, நாம் மண்ணில் புதைக்கிறோம்.

ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். தங்களை வேலைக்குக் கூப்பிட எவரும் வரவில்லை என்கிறார்கள். கடைசியில் வந்தவருக்கும் முழுக் கூலி கொடுத்த தாராளத்தைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவர்கள் வெயிலில் நின்ற அந்தப் பதினொரு மணி நேரத்தைப் பற்றி ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறி வீட்டில் படுத்திருப்பான். வேலை தேடி நிற்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கூலி கொடுப்பார் இல்லை.

திருத்தூதர் பணி நூலில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. யூதர்கள் உரோமை நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசன் ஆணையிட்டதால், அக்கிலா என்பவரும் அவருடைய மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்து நகருக்கு வந்து சேர்ந்தார்கள். கொரிந்து பெரிய வாணிப நகரம். அங்கே புனித சின்னப்பரும் புதியவராக வந்தார். மூவருக்கும் ஒரே தொழில்: கூடாரம் செய்தல். அந்தத் தொழிலின் பொருட்டே அவர்கள் வீட்டில் தங்கி அவர் வேலை செய்தார் என்று அந்நூல் கூறுகிறது. துரத்தப்பட்டு வந்தவர்களே அடுத்து வந்தவருக்குக் கதவைத் திறந்தார்கள். கொரிந்துத் திருச்சபையின் வரலாறு ஒரு தொழிற்பட்டறையிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

நம் வாசலில்

இதுவரை வாசித்த நீங்கள் கனடாக்காரன்மீது கோபம் கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த இரண்டு விதிகளையும் எழுதி முடித்தபோது, பேனையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏப்ரல் 26ஆம் திகதி இரவு நம் அருகிலுள்ள சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் நம் வீடுகளையும் நடுங்க வைத்தது. அங்கே பிள்ளைகளும் இறந்தார்கள். அந்த வீட்டிலிருந்தவர்களைப் பற்றிச் சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பழிவாங்க எண்ணாதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை கேட்டுக்கொண்டார். நம் மக்கள் எவர்மீதும் கைவைக்கவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னோம். ஆனால் கையை ஓங்காமலேயே செய்யக்கூடிய காரியங்களும் உண்டு.

அப்பொழுது நான் பணியாற்றிய பங்கில் மண்டபத்துக்குப் புதிதாக வயரிங் செய்ய வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக அந்த ஆலயத்தின் மின்சார வேலைகளைச் செய்தவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். கட்டாரில் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தொழிலே செய்து திரும்பியவர். நமது திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டுவதும் அவர்தான். அவ்வேலை அவருக்கு என்று முன்பே பேசியிருந்தோம். பங்குச் சபைக் கூட்டத்தில் ஒருவர், "இப்ப வேண்டாம் பாதர், ஆக்கள் ஒரு மாதிரிப் பார்ப்பினம்" என்றார். வேறு எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "வேலை தள்ளிப்போயிருக்கு" என்றேன். அது பொய். இரண்டு வாரம் கழித்து வேறொருவரை வைத்து வேலையைத் தொடங்கினோம்.

ஒரு நாள் பிற்பகல் அவர் அந்த வழியால் வந்தார். மண்டபக் கதவு திறந்திருந்தது. ஏணியில் வேறொருவர் நின்றார். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "பாதர், வேலைய எனக்குத் தராட்டியும் பரவாயில்ல. ஆனா எனக்கு வேலை தெரியாதெண்டு மட்டும் ஆருக்கும் சொல்லிராதீங்க" என்றார். போய்விட்டார்.

புதிதாக வந்தவர் செய்த வயரிங்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த மண்டபத்தின் விளக்குகள் நன்றாகவே எரிந்தன. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அநீதி செய்தால் உடனே விளக்கு அணைந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அணைவதில்லை. ரொறன்ரோவிலும் அப்படித்தான். அந்தத் தாயின் மகனை ஒதுக்கிவிட்டு வேறொருவரை எடுத்த நிறுவனம் நன்றாகவே நடக்கும். பாவத்தின் கணக்கு வேறோர் ஏட்டில் எழுதப்படுகிறது.

என் இரண்டு விதிகளையும் எனக்கே பிரயோகித்துப் பார்த்தேன். அவருடைய பெயர் மாறியிருந்தால் வயரிங் மாறியிருக்குமா? இல்லை. அவர் விடை சொல்ல நான் வழி வைத்தேனா? இல்லை, கேள்வியையே அவரிடம் மறைத்துவிட்டேன். ரொறன்ரோ நிறுவனம் "அனுபவம் போதாது" என்று எழுதிய கடிதத்துக்கும், நான் "வேலை தள்ளிப்போயிருக்கு" என்று சொன்னதற்கும் என்ன வேறுபாடு?

"பாதர், அந்த நேரத்தில் பயம் நியாயமானதல்லவா? இறந்தவர்கள் நம்மவர்கள் அல்லவா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பயம் நியாயமானதே. ஆலய வாசலில் ஒவ்வொருவருடைய பையையும் திறந்து பார்த்தோம். என் பையையும் பார்த்தார்கள். அது விவேகம். விவேகம் ஒருவன் என்ன செய்தான், என்ன கொண்டு வருகிறான் என்று கேட்கும். சந்தேகப் பேயோ, அவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மட்டும் கேட்டுவிட்டு, விடையைக் கேளாமலே தீர்ப்புச் சொல்லும். பத்தாண்டுகளாக நம் ஏணியில் ஏறி இறங்கிய ஒரு மனிதரைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருந்தது?

"அவர்களும் நம்மவர்களுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்?" என்றும் கேட்பீர்கள். 1985இலும் 1990இலும் இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று செய்தவற்றை நான் மறக்கவில்லை. தமிழ் மேசனைக் கூப்பிடத் தயங்கும் முஸ்லிம் வீடும் உண்டு. முஸ்லிம் ஓடாவியைக் கூப்பிடத் தயங்கும் தமிழ் வீடும் உண்டு. ஆனால் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால், உலகத்தில் எந்தக் கதவும் திறக்காது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பழைய காயம் இருக்கிறது. பிறர் முதலில் திறக்கட்டும் என்று காத்திருப்பது கிறிஸ்தவ நெறியன்று.

நமக்குள்ளேயும் பாருங்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிழக்குக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை, "அவங்க தோட்டத்தாக்கள்" என்று இன்றும் சொல்லுகிறவர்கள் பூசைக்கு வருகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது "ஆருடைய மகன்?" என்று கேட்டுச் சாதியை அளக்கிறவர்கள் நற்கருணை வாங்குகிறார்கள். அந்தப் புத்திதான் விமானம் ஏறி ரொறன்ரோவில் இறங்கும்போது நமக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. எந்த அளவையால் அளக்கிறோமோ அந்த அளவையே நமக்கும் வரும் என்று ஆண்டவர் எச்சரித்ததை நாம் வேறெந்த வகையில் விளங்கிக்கொள்வது?

என்ன செய்யலாம்?

வெளியே போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். காணியை விற்பதற்கு முன், போகும் நாட்டில் உங்கள் தொழிலுக்கு அனுமதி வழங்கும் சபை எது, அது என்ன பரீட்சை கேட்கிறது என்பதைத் தேடி அறியுங்கள். சான்றிதழ்கள், வேலை செய்த இடத்தின் கடிதங்கள், பாடத்திட்ட விபரங்கள் எல்லாவற்றையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். பிறகு எடுப்பது கடினம். அந்நாட்டு மொழியை இங்கேயே கற்கத் தொடங்குங்கள். முகவரிடம் காசு கொடுக்குமுன் அவர் பணியகத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். "என் மகன் அங்கே பெரிய உத்தியோகம்" என்று ஊரில் சொல்லி, பிள்ளையைப் பொய்க்குள் தள்ளாதீர்கள். பெட்டி அடுக்கும் மகன் தாயிடம் அதைச் சொல்ல வெட்கப்படுகிறான் என்றால், அந்த வெட்கத்தில் பாதி ரொறன்ரோ கொடுத்தது. மற்றப் பாதி நாம் கொடுத்தது. கலியாணப் பேச்சில் 'கனடா மாப்பிள்ளை' என்று விலை பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே அங்கே காலூன்றியவர்களுக்கு ஒரு சொல். நம் பத்திரிகை உங்களில் சிலருக்கு வந்து சேர்கிறது. 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர் காப்பாற்றினார்கள். கடலோரத்தில் பிறந்த நமக்கு அந்தச் செயலின் பொருள் தெரியும். நடுக்கடலில் தவிப்பவனைக் கண்டவன் முதலில் கையை நீட்டுவான். கதையைப் பிறகு கேட்பான். நீங்கள் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் ஆகுங்கள். புதிதாக வந்தவருக்கு ஓர் அறிமுகக் கடிதம், ஒரு நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம், ஒரு தொலைபேசி அழைப்பு: இவை பெரிய காரியங்கள். குறைந்த கூலிக்கு நம்மவனை வேலை வாங்கி, அதை உதவி என்று சொல்லாதீர்கள்.

இங்கே இருக்கிற நமக்கு ஒரு சொல். அடுத்த முறை கூரை வேய, கிணறு கட்ட, வயரிங் செய்ய ஆள் தேடும்போது, முதலில் அவர் செய்த வேலையைப் போய்ப் பாருங்கள். பெயரைப் பிறகு கேளுங்கள். கூப்பிடத் தேவைப்படுவதால் பெயரைக் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல.

கடந்த வாரம் நான் பக்கத்து ஊருக்குச் சென்று அந்த மின்சார வேலைக்காரரின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். இப்பொழுது அவருக்கு வயதாகிவிட்டது, மகன் தோஹாவில். கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தார். "அண்டைக்கு நான் உங்களிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த நேரம் எல்லாரும் பயந்துதானே பாதர் இருந்தம். நாங்களும் பயந்துதான்" என்றார். நான் எழும்பும்போது ஒன்று கேட்டார்: "அந்த மண்டபத்துக்கு எர்த் கம்பிய ஆழமா இறக்கினாங்களா? நம்மட மண் மணல் மண், மேலாலே போட்டா பிடிக்காது. ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க."

வேலையை நாம் அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். அந்த வேலையின்மீது அவர் வைத்திருந்த அக்கறையை நம்மால் எடுக்க முடியவில்லை. அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். அம்மா, உங்கள் மகனுடைய படிப்பு கரையவில்லை. அது அவரிடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள்தாம் ஏழைகள். அந்த ஏழைகளுள் ஒருவனாக நானும் இருந்தேன்.

அவருக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையில், நம் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் நினைத்துக்கொள்வோம். செபித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, நம் கதவு எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று ஒருமுறை சிந்திப்போமாக.